கத்தரி இலையில் ஒரு கூடு

அன்புள்ள ஐயா,

எங்கள் மாடித்தோட்டத்தில் ஒரு குருவி கத்தரி இலையின் ஓரங்களைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருக்கிறது. முதுகு பச்சை, வயிறு வெளுப்பு, வாலை எப்போதும் தூக்கியே வைத்திருக்கிறது. சத்தம் வீட்டுக்குள்வரை கேட்கிறது. தேன்சிட்டு என்று நினைத்தேன். மாமனார் கதிர்க்குருவி என்கிறார். பூனை நடமாட்டம் இருப்பதால் தொட்டியை உள்ளே நகர்த்தலாமா?

ம., கும்பகோணம்

அன்புள்ள ம.,

அது தையல்சிட்டு. தேன்சிட்டு இலையைத் தைக்காது. கிளை நுனியில் பைபோலத் தொங்கவிட்டுக் கட்டும். மாமனார் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. சாம்பல் கதிர்க்குருவியும் இலை தைக்கும். ஆனால் அதற்கு முதுகு சாம்பல், வயிற்றில் மங்கிய செம்மஞ்சள். உங்கள் குருவியின் நெற்றியைப் பாருங்கள், துரு நிறம் தெரியும். முட்டையும் வேறு. கதிர்க்குருவியின் முட்டை செங்கல் நிறத்தில் பளபளக்கும். தையல்சிட்டினுடையது வெளிர் நிறம், மேலே செம்பழுப்புப் புள்ளிகள். இதைச் சரிபார்க்கிறேன் என்று கூட்டை விலக்கிப் பார்த்துவிடாதீர்கள்.

பைனாகுலர் கிடைத்தால் அந்தத் தையலைப் பாருங்கள். பெண்பறவைதான் தைக்கும். இலை ஓரத்தில் அலகால் துளையிட்டு, பஞ்சையோ நாரையோ சிலந்தி நூலையோ உள்ளே இழுக்கும். ஒவ்வொரு தையலும் தனித்தனி, முடிச்சே கிடையாது. வெளியே வந்த நுனி பிரிந்து உப்பி நிற்கும், அதனால் உருவிக்கொண்டு வராது. துளைகள் மிக நுண்ணியவை; இலை காயாமல் பச்சையாகவே இருக்கிறது. இலையின் மேற்புறம் வெளியே பார்த்தபடி இருப்பதால் கூடு செடியோடு செடியாக மறைந்துவிடும்.

சரி, தொட்டிக்கு வருவோம். நகர்த்தவே வேண்டாம். இடம் மாறினால் தாய்ப்பறவை கூட்டைக் கைவிட்டுவிடக்கூடும். பூனை ஏறிவரும் வழியை அடைத்துவிடுங்கள், தொட்டியைச் சுற்றி முள் கிளைகளைப் போட்டுவையுங்கள். செடிக்குத் தண்ணீர் விடுவதை மட்டும் நிறுத்தாதீர்கள். இலை வாடினால் கூடு சரியும். இலைமேல் தெளிக்காமல் வேரில் ஊற்றிவிட்டுச் சட்டென்று விலகிவிடுங்கள். பூச்சிமருந்து கூடவே கூடாது. குஞ்சுகளுக்கு ஊட்டப்போவது அந்தச் செடிகளில் இருக்கும் புழு பூச்சியைத்தான். செல்போனோடு கூட்டருகே போய் நிற்காதீர்கள், காகம் பார்த்துக்கொண்டிருக்கும்.

அடைகாப்பு சுமார் 12 நாள். பொரித்தபின் குஞ்சுகள் பறக்க இன்னும் இரண்டு வாரம் ஆகும். தாய், தந்தை இரண்டுமே இரை கொண்டுவரும். எல்லாம் பறந்துபோனபின் அந்த இலையைக் கிள்ளியெடுத்துப் பிரித்துப் பாருங்கள். மெத்தைக்கு எதையெல்லாம் பொறுக்கி வந்திருந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.