எரிமலை வெடிக்கப்போவது முன்கூட்டியே தெரியுமா?

நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்கிறீர்கள். எரிமலைக்கு மட்டும் எப்படி எச்சரிக்கை கொடுக்கிறார்கள்? அதுவும் ஒருவகை ஜோசியம்தானா? (வாசகர், விருதுநகர்)

ஜோசியம் இல்லவே இல்லை. எரிமலை வெடிக்க வேண்டுமானால் அடியிலிருந்து பாறைக்குழம்பு மேலே ஏறி வர வேண்டும், அது சத்தம் போடாமல் வருவது கடினம். வழியில் உள்ள பாறையை உடைத்துக்கொண்டு வருவதால் சின்னச் சின்ன அதிர்வுகள் வரும், மலை மில்லிமீட்டர் கணக்கில் உப்பும், குழம்பில் கரைந்திருக்கும் வாயு முந்திக்கொண்டு வெளியே கசியும். இந்த மூன்றையும் ராத்திரி பகலாகக் கவனிப்பதுதான் எரிமலை ஆய்வாளர்களின் வேலை. நாள், நேரம் குறித்துக் கொடுக்க முடியாது, ஆனால் "இனி இங்கே இருக்காதீர்கள்" என்று பல தடவை சரியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பிலிப்பைன்ஸின் பினாட்டுபோவையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 500 வருடம் தூங்கிய மலை, காடு மூடிக் கிடந்தது, சரிவுகளில் ஆயிரக்கணக்கான பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள். 1991 ஏப்ரல் 2 அன்று நீராவி பீறிட்டது. பிலிப்பைன்ஸ் எரிமலை ஆய்வு நிறுவனத்தாரும் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையினரும் சேர்ந்து அதிர்வுமானிகளை வைத்தார்கள், வெளியேறும் கந்தக டை ஆக்சைடை அளந்தார்கள். மே 13 அன்று ஒரு நாளைக்குச் சுமார் 500 டன். மே 28 அன்று 5,000 டன்னைத் தாண்டிவிட்டது. அப்புறம் ஜூன் முதல் வாரத்தில் திடீரென்று 300 டன்னுக்கும் கீழே இறங்கியது.

நீங்களும் நானும் என்ன நினைத்திருப்போம்? அப்பாடா, அடங்கிவிட்டது என்றுதானே. அவர்கள் அப்படி நினைக்கவில்லை. கோலி சோடாவைப் பார்த்திருப்பீர்கள், உள்ளே இருக்கும் வாயுவே கோலியை மேலே தள்ளிக் கழுத்தை அடைத்துக்கொள்ளும், வெளியே ஒன்றும் கசியாது, அதற்காக உள்ளே அழுத்தம் இல்லை என்று சொல்ல முடியுமா? மலையின் குழாயும் அப்படி அடைபட்டிருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள். ஜூன் 10 அன்று பக்கத்திலிருந்த கிளார்க் அமெரிக்க விமானப்படைத் தளத்திலிருந்து சுமார் 14,500 பேர் கிளம்பினார்கள், சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பல்லாயிரம் பேர் வெளியேறினார்கள். ஜூன் 15 அன்று மலை வெடித்தது, 20ஆம் நூற்றாண்டின் இரண்டாவது பெரிய வெடிப்பு அது. அதே நாளில் புயலும் வந்து சேர, மழையில் ஊறிய சாம்பல் கூரைகள் மேல் ஈரச் சிமெண்டு மாதிரி கனத்து, பல வீடுகள் இடிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். ஆனாலும் எச்சரிக்கையால் குறைந்தது 5,000 உயிராவது பிழைத்தது என்பது ஆய்வாளர்களின் கணக்கு.

மக்கள் எப்படி நம்பினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எரிமலை என்ன செய்யும் என்பதைக் காட்டும் ஒரு வீடியோவை அதிகாரிகளுக்கும் ஊர்க்காரர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். அதற்காக உயிரைப் பணயம் வைத்துப் படம் பிடித்தவர்கள் பிரான்சைச் சேர்ந்த மோரிஸ் கிராஃப்ட், காத்யா கிராஃப்ட் தம்பதி. பினாட்டுபோ வெடிப்பதற்குப் பன்னிரண்டே நாள் முன்பு, ஜூன் 3 அன்று, ஜப்பானின் உன்சென் எரிமலையில் இருவரும் இறந்துபோனார்கள். அவர்களோடு சேர்த்து அங்கே இறந்தவர்கள் 43 பேர்.

லாவா மெதுவாகத்தானே ஊர்ந்து வருகிறது? ஓடித் தப்பிக்க முடியாதா? (வாசகி, நாகர்கோவில்)

லாவாவிடமிருந்து பெரும்பாலும் தப்பிக்கலாம், நடந்தேகூட. ஆளைக் கொல்பவை வேறு. ஒன்று, சரிவில் பாய்ந்து வரும் கொதிக்கும் சாம்பல், வாயுப் பெருக்கு. அதன் முன்னால் காரில் போனாலும் தப்புவது சந்தேகம். இன்னொன்று சேற்று வெள்ளம், இந்தோனேசியச் சொல்லால் அதை 'லாஹார்' என்கிறார்கள்.

கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் என்ற மலை, 5,300 மீட்டர் உயரம், உச்சியில் பனிப்பாளம். 1985 நவம்பர் 13 ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வெடித்தது. பெரிய வெடிப்புகூட இல்லை. ஆனால் சூடு பட்டு உருகிய பனி, சாம்பலையும் கல்லையும் வாரிக்கொண்டு ஆற்றுப் பள்ளத்தில் இறங்கி, பதினொன்றரை மணி வாக்கில் ஆர்மேரோ ஊருக்குள் புகுந்தது. ஊரில் இருந்தவர்கள் சுமார் 29,000 பேர், இறந்தவர்கள் சுமார் 20,000.

இரண்டரை மணி நேரம் இருந்தது, பக்கத்திலேயே மேட்டு நிலமும் இருந்தது. அந்த ஊருக்கு ஆபத்து என்று காட்டும் வரைபடம் ஒரு மாதம் முன்பே தயார். அந்த ஊரே 1845இல் வந்த சேற்றின் மேல்தான் எழும்பியிருந்தது. அன்று மதியம் சாம்பல் கொட்டியபோதும், பயப்படாமல் வீட்டிலேயே இருங்கள் என்றுதான் மக்களுக்குச் சொல்லப்பட்டது. இதைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு மனசு ஆறுவதில்லை. கருவி குறைவு என்பது உண்மைதான், ஆனால் தெரிந்த விஷயமே ஊர் வாசல்வரை போய்ச் சேரவில்லையே. இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான், 1986இல், எந்த நாட்டில் எரிமலை விழித்தாலும் கருவிகளோடு போய் உதவ அமெரிக்கா ஒரு குழுவை அமைத்தது. பினாட்டுபோவுக்குப் போனது அந்தக் குழுதான்.

இந்தியாவில் எரிமலை உண்டா? அதனால் சென்னைக்குச் சுனாமி வருமா? (வாசகர், திருவொற்றியூர்)

உண்டு. அந்தமானில் போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில் பேரன் தீவு. ஆள் குடியில்லை. நூறு வருடத்துக்கு மேல் சும்மா இருந்து 1991இல் மறுபடி விழித்தது, அதன் பிறகு அவ்வப்போது குமுறுகிறது. சென்னை அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது, அதன் சாம்பலுக்கோ லாவாவுக்கோ நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. 2004இல் நம்மைத் தாக்கிய சுனாமி சுமத்ரா நிலநடுக்கத்தால் வந்தது, எரிமலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் எரிமலையாலும் சுனாமி வரும். 2018 டிசம்பர் 22 அன்று இந்தோனேசியாவின் அனாக் கிரகத்தோவா எரிமலையின் ஒரு பக்கம் அப்படியே சரிந்து கடலில் விழுந்தது. அங்கிருந்த சுனாமி எச்சரிக்கை ஏற்பாடு நிலநடுக்கத்தை நம்பி அமைக்கப்பட்டது, இதில் பெரிய நடுக்கம் எதுவும் இல்லாததால் எச்சரிக்கை வரவில்லை. கடற்கரையில் பாட்டுக் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தவர்கள் உட்பட 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.