கடலூரில் பழைய தார் ஜீப் வாங்கியிருக்கிறேன். லே வரை போவதற்கு முன் என்னென்ன வேலை பார்க்க வேண்டும்?

நீங்கள் சொன்ன விவரம்: 2014 மாடல் மகிந்திரா தார், டீசல், ஃபோர்வீல் (நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி). பாண்டிப் பதிவெண். வாங்கிப் பதினைந்து நாள் ஆகிறது. ஜூன் கடைசியில் மணாலி வழியாக லே. கையிருப்பில் விஞ்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி), ரூஃப் கேரியர், எல்.இ.டி. பார், இவற்றில் எதை முதலில் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றுமே இப்போது வேண்டாம். பழைய ஜீப் விஞ்ச் இல்லாமல் வழியில் நிற்காது. ஹோஸ் கிளாம்ப் தளர்ந்து நிற்கும், டீசல் ஃபில்டர் அடைத்து நிற்கும், பத்து வருடப் பிரேக் பைப் ஓட்டையாகி நிற்கும். காசு வண்டிக்கு அடியில் போகட்டும். விற்றவர் "எல்லாம் மாத்தியாச்சு சார்" என்று சொல்லியிருப்பார். பில் கையில் இல்லையா? அப்படியானால் எதையும் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

முதல் வேலை, வண்டி வெள்ளத்தில் நின்றதா என்று பார்ப்பது. நம் ஊரில் இது சும்மா சந்தேகமில்லை. 2015 மழை, 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயல், அடுத்த சில நாளில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் என்று கடலூரும் பாண்டியும் பல தடவை மூழ்கி எழுந்திருக்கின்றன. நின்ற வண்டிகளைக் கழுவி, சீட் கவர் மாற்றி விற்றுவிடுவார்கள். முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். யாரும் கழுவாத இடம் அது. உள்ளே சுருண்டிருந்த பகுதியில் வண்டல் கோடு ஒன்று தெரிந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை ஏறியிருக்கிறது. தரை விரிப்பைத் தூக்கி, வயர் கனெக்டர்களைக் கழற்றி, பின்களில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். கிரவுன் (அச்சின் நடுவில் இருக்கும் கியர்ப் பெட்டி) ஆயிலைக் கொஞ்சம் இறக்கும்போது பால் டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

அடுத்தது துரு. தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு ஓட்டிப் போய், காற்றும் உப்பும் குடித்த வண்டிகள் மேலே பளபளவென்று இருக்கும். படுத்துப் பார்த்தால்தான் கதை தெரியும். சின்னச் சுத்தியலின் பின்பக்கத்தால் சேஸைத் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்று கேட்டால் நல்லது. 'டப்' என்று மந்தமாகக் கேட்டு, பட்டை பட்டையாக உதிர்ந்தால் அந்த இடத்தைச் சுரண்டி ஆழம் பார்க்க வேண்டும். முக்கியமாகப் பார்க்க வேண்டியவை: பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டும் ஷேக்கிள் பிராக்கெட், பாடி மவுன்ட் போல்ட்கள், டேங்க்கைத் தாங்கும் பட்டை, சேஸ் ஓரமாக ஓடும் பிரேக் பைப். பைப்பில் கிளிப் பிடிக்கும் இடத்தில்தான் உப்புச் சேறு தங்கும், அங்கேதான் முதலில் அரிக்கும். அரித்த பைப்புக்குப் பதில் புது ஸ்டீல் பைப் வளைத்துப் போடச் சொல்லுங்கள். சாதா செம்புப் பைப்பை வைத்து ஒப்பேற்ற வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது அதிர்வில் வெடிக்கும். துரு மேலேயே ஆன்டி-ரஸ்ட் கறுப்பு அடிப்பவர்களும் உண்டு. அது காசு கொடுத்துத் துருவை மூடி வளர்ப்பது. பிரஷர் வாஷ், இரண்டு நாள் காயவிடுதல், வயர் பிரஷ், பிரைமர், அதற்குப் பிறகுதான் கோட்டிங்.

ஆயில். இஞ்சின் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு 'ஃபுல் சர்வீஸ்' என்று எழுதித் தருவார்கள். ஃபோர்வீல் தாரில் இன்னும் நான்கு இடம் இருக்கிறது: கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (இஞ்சின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி), முன் கிரவுன், பின் கிரவுன். நான்கிலும் மாற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். எதையும் இறக்குவதற்கு முன் நிரப்பும் நட்டைத்தான் முதலில் திறக்க வேண்டும். கீழ் நட்டைத் திறந்து ஆயிலை வடித்த பிறகு மேல் நட்டு துருப்பிடித்து நகராவிட்டால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். டிரெயின் நட்டில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறக் களிம்பு மாதிரி இருந்தால் வயதுக்குரிய தேய்மானம். விரலில் குத்தும் துகள், ஊசி மாதிரித் துண்டு இருந்தால் உள்ளே பல்லோ பேரிங்கோ போகிறது. அப்படியே லே போக வேண்டாம்.

கிரவுனுக்கு ஜி.எல்-5 தரக் கியர் ஆயில் வேண்டும். கியர் பாக்ஸுக்கும் அதையே ஊற்ற ஒரு மெக்கானிக் அவசரப்படுவார், ஒரே கேன் திறந்திருக்கும் என்பதால். சில ஜி.எல்-5 ஆயில்கள் கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சின்க்ரோ ரிங்குகளை அரிக்கும். பாக்ஸுக்கு என்ன ஊற்ற வேண்டும் என்பதை வண்டியின் புத்தகத்தில் பார்த்து அதையே வாங்கிக் கொடுங்கள். கிரவுன் மேலே சின்ன பிரீத்தர் (காற்று போய் வரும் துளை) ஒன்று இருக்கும். சேறு அடைத்தால் ஹவுசிங் சூடாகும்போது அழுத்தம் ஏறி ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு கசியும். சூடான கிரவுன் ஓடைத் தண்ணீரில் இறங்கினால் சட்டென்று குளிர்ந்து, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அடைப்பை எடுத்து, ஒரு ஹோஸை மாட்டி இஞ்சின் அறை உயரத்துக்கு ஏற்றிக் கட்டுங்கள். மணாலி–லே பாதையில் பனி உருகிய ஓடைகள் மதியத்துக்கு மேல் பெருகும். அங்கே இது உதவும்.

இனி, நம் ஊர்ப் பழக்கத்தால் வருகிற வில்லங்கம் இரண்டு. கடலூர் வெயிலில் இரண்டுமே தெரியாது, மேலே போனால்தான் தெரியும்.

ஒன்று ரேடியேட்டர். இங்கே பாதிப் பேர் குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றி ஓட்டுகிறார்கள். அதே தண்ணீர் மலைமேல் இரவில் உறைந்தால் விரிந்து ரேடியேட்டரையும் பிளாக்கையும் பிளக்கும். சிஸ்டத்தை இரண்டு மூன்று முறை கழுவி, வருகிற தண்ணீர் தெளிந்த பிறகு, கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். அந்தக் கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. ஹீட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு ஊற்றினால் காற்று தங்காது. கூடவே தெர்மோஸ்டாட். வண்டி சூடானால் அதைக் கழற்றித் தூக்கிப்போட்டுவிட்டு 'சரி பண்ணியாச்சு' என்பது ரோட்டோர வைத்தியம். காலையில் குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வைத்திருங்கள். சில நிமிடம் சில்லென்று இருந்து, பிறகு திடீரெனச் சூடேறினால் தெர்மோஸ்டாட் வேலை செய்கிறது. ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகிக்கொண்டே போனால் அது உள்ளே இல்லை, அல்லது திறந்தே சிக்கியிருக்கிறது. மேலே குளிரில் இஞ்சின் சூடே ஏறாது, டீசல் கூடுதலாகக் குடிக்கும், ஹீட்டரில் வெறும் காற்று வரும்.

இரண்டாவது, ஹீட்டர் பிளக், அதாவது குளிரில் டீசல் இஞ்சின் ஸ்டார்ட் ஆக உள்ளே சூடேற்றும் பிளக். டாஷ்போர்டில் சுருள் மாதிரி மஞ்சள் விளக்கு வரும் வண்டி என்றால் உங்கள் வண்டியில் இருக்கிறது. நான்கும் செத்துப்போயிருந்தாலும் மே மாதக் கடலூரில் ஒரு சுற்றில் ஸ்டார்ட் ஆகிவிடும், யாருக்கும் தெரியாது. லேயில் காலை ஆறு மணிக்குத் தெரியும். வயரைக் கழற்றி, ஒவ்வொரு பிளக்குக்கும் இஞ்சினுக்கும் நடுவில் மல்டிமீட்டரில் ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். ஒரு ஓம் சுற்றுவட்டத்தில் காட்டினால் உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் மாற்ற வேண்டும். மீட்டரை எடுத்த கையோடு பேட்டரி எர்த்தையும் பாருங்கள். ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இஞ்சின் பிளாக்கிலும் வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட்டர் சுற்றச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையின் முனைகளில் உப்பு ஏறியிருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவுங்கள். புது பேட்டரி வாங்க வேண்டியிருக்காது. ஓடும்போது சார்ஜ் 13.8 முதல் 14.4 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

பிரேக் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும், நிறம் நன்றாக இருந்தாலும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட்-4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பின் டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் ஓரத்தை ஸ்குரூ டிரைவரால் லேசாகத் தூக்குங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் மாற்றுங்கள். வெளியே சொட்டும் வரை காத்திருந்தால் லைனரும் சேர்ந்து போகும்.

ஃபோர்வீல் லீவரைப் பழைய ஓனர் தொட்டே இருக்க மாட்டார். அதை எங்கே சோதிப்பது? தார் ரோட்டில் தாரை ஃபோர்வீலில் திருப்பாதீர்கள். முன், பின் அச்சுகளின் வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாததால் முன்னும் பின்னும் முறுக்கிக்கொள்ளும், லீவர் இறுகிவிடும். கடற்கரையும் வேண்டாம். உப்பு ஒரு பக்கம், ஆமை முட்டையிடும் மணல் இன்னொரு பக்கம். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளுக்குள் செம்மண் பாதை நிறைய இருக்கிறது. தோப்புக்காரரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். 4ஹெச்சில் (ஃபோர்வீல், சாதா வேகம்) போட்டு நேராக, பிறகு வண்டியை நிறுத்தி 4எல்லில் (ஃபோர்வீல், மெதுவான வேகம்) போட்டு நடை வேகத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து இரண்டு பக்கமும் ஒரு வட்டம். முன் சக்கரப் பக்கம் 'டக் டக்' என்றால் முன் சக்கரத்தைச் சுற்றும் சி.வி. ஜாயின்ட், ஒருவேளை அதன் ரப்பர் உறை (பூட்) கிழிந்து கிரீஸ் போயிருக்கும். பின்னாலிருந்து நகரும்போது ஒரு 'டங்' மட்டும் வந்தால் பிராப்பல்லர் ஷாஃப்ட்டின் (கிரவுனைச் சுற்றும் நீளத் தண்டு) முனையில் உள்ள இணைப்பு, யு.ஜே. கிராஸ். அதற்குக் கிரீஸ் அடிக்கும்போது நான்கு தொப்பியிலிருந்தும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த ஒன்றுதான் உடையும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டியது என்றால் பட்டன் (டயரின் மேல்புறக் கட்டைகள்) எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து. ஐந்தும் ஒரே அளவாக இருக்கட்டும். ஃபோர்வீலில் அளவு மாறினால் சுமை கியர்களில் ஏறும். இன்னொன்று: 35 பி.எஸ்.ஐ. காற்றோடு போய் டங்லங் லா கணவாய் உச்சியில், 5,300 மீட்டருக்கு மேல் நின்று அளந்தால், வெளிக்காற்றழுத்தம் குறைந்ததால் கேஜ் கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் குளிர் அதில் பெரும்பகுதியைக் குறைத்துவிடும். மேலே போய் அவசரப்பட்டுக் காற்றை இறக்காதீர்கள்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. வண்டி பி.ஒய், நீங்கள் தமிழ்நாடு. என்.ஓ.சி.க்கு (ஆட்சேபணையின்மைச் சான்று) படிவம் 28, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, இங்கே சாலை வரி. இன்சூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்டிருக்க வேண்டும். இன்னும் செய்யவில்லை என்றால் இந்தப் பதிலை மூடிவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் வண்டிக்குச் சேதம் வந்தால் கிளெய்ம் சிக்கலாகும். 2014 டீசல் என்பதால் டெல்லி வட்டாரத்துக்குள் நுழையாத பாதையைப் போடுங்கள். பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் மீது 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் தொடங்கிய கட்டுப்பாடு இன்னும் நீதிமன்றங்களில் இழுபடுகிறது. கிளம்பும் வாரத்தில் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் முடித்த கையோடு லே கிளம்பக் கூடாது. கெடுவது வீட்டுப் பக்கத்தில் கெடட்டும். முதலில் பாண்டி போய் வாருங்கள், திரும்பியதும் இரவு வண்டிக்கு அடியில் அட்டைப் பெட்டியை விரித்துப் போடுங்கள். காலையில் சொட்டு எங்கே, என்ன நிறம் என்று பாருங்கள். நடுவில் கறுப்பு என்றால் இஞ்சின், பின்னால் கெட்டியாகக் கந்தக வாடையோடு என்றால் கிரவுன், சக்கரத்தின் உட்பக்கம் தண்ணீர் மாதிரி என்றால் பிரேக். இரண்டாவது, முழுச் சுமையோடு கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது டெம்பரேச்சர் முள், இறங்கும்போது பிரேக் வாடை, இரண்டும் பொய் சொல்லாது. இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்கிப் பழகுங்கள். 500 கி.மீ. ஆனதும் லீஃப் ஸ்பிரிங் யு-போல்ட், வீல் நட், ஹோஸ் கிளாம்ப் எல்லாவற்றையும் திரும்ப இறுக்கி, பெயின்ட் கோடு போட்டு வையுங்கள். அதன் பிறகு எந்த நட்டு நகர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

டீசல் பாண்டியில் விலை குறைவு, கிளம்பும்போது அங்கே நிரப்பிக்கொள்ளலாம். மேலே போனால், மணாலி–லே பாதையில் தாண்டி என்ற ஊரில், அடுத்த பம்புக்கு 365 கி.மீ. என்று எழுதிய பலகை பிரபலம். ஏற்றமும் சுமையும் சேர்ந்து லிட்டருக்கு 9 கி.மீ. என்று வைத்தாலும் சுமார் 41 லிட்டர். 60 லிட்டர் டேங்க் தாங்கும், தாண்டியில் விளிம்பு வரை நிரப்பினால்.

கூடை நிறைய ஸ்பேர் வேண்டாம். டீசல் ஃபில்டர் இரண்டு, பெல்ட் ஒன்று, மேல் கீழ் ரேடியேட்டர் ஹோஸ், அளவு பார்த்த கிளாம்ப் பத்து, யு.ஜே. கிராஸ் ஒன்று, பிரேக் ஆயில், கூலன்ட், ஃபியூஸ், டியூப்லெஸ் பஞ்சர் கிட், 12 வோல்ட் காற்று பம்ப். வண்டியோடு வந்த ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் உண்மையிலேயே இந்த வண்டிக்குரியவைதானா என்று வீட்டு வாசலிலேயே ஸ்டெப்னி மாற்றிப் பாருங்கள். அப்படியே டீசல் ஃபில்டரையும் நீங்களே ஒருமுறை மாற்றிப் பாருங்கள். மாற்றிய பிறகு ஹேண்ட் பிரைமரைக் கெட்டியாகும் வரை அழுத்திக் காற்றை வெளியேற்றாவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. அந்தப் பிரைமர் எங்கே இருக்கிறது என்று உங்கள் கைக்கு இப்போதே பழகட்டும்.