புயலுக்குப் பிந்தைய மறுகட்டுமானம்: அரசின் திறன் எங்கே வளர வேண்டும்?

புயல் கடந்த பிறகு மறுகட்டுமானத்தை நடத்தும் திறனை அரசு எவ்வாறு வளர்த்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் கரையில் வாழ்பவன் என்ற முறையில், எங்கள் பகுதியின் வரலாற்றிலிருந்தே பதில் சொல்கிறேன்.

1964 டிசம்பர் புயல் பாம்பன் ரயில் பாலத்தைச் சிதைத்தது, தனுஷ்கோடியை அழித்தது. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பேற்ற பாலச் சீரமைப்புப் பணி 46 நாள்களில் முடிந்தது. தனுஷ்கோடியோ மனிதர் வாழத் தகுதியற்றதென அறிவிக்கப்பட்டு, இடிபாடாகவே நிற்கிறது. இருபுறமும் கடல் சூழ்ந்த அந்த மணல்திட்டில் மீண்டும் ஊர் எழுப்பாதது சரியான முடிவென்றே கருதுகிறேன். ஆயினும், பாலத்துக்கு ஒரே உரிமையாளர், அவரிடம் பொறியாளர்களும் பணமும் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். ஓர் ஊரை மீண்டும் கட்டுவதென்றால் ஒவ்வொரு குடும்பத்தின் மனையும் உரிமையும் தொழிலும் தனித்தனியே விசாரிக்கப்பட வேண்டும். அரசு தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

கடற்கரைக் குப்பங்களில் பல தலைமுறைகளாகப் புறம்போக்கில் குடியிருந்து, பட்டா இல்லாதவர்கள் உண்டு. வீடு விழுந்த மறுவாரம் வந்து ஆவணம் கேட்டால் அவர்கள் எதைக் காட்டுவார்கள்? ஆகவே குடியிருப்போர் விவரம், படகுப் பதிவு, வீட்டின் தன்மை ஆகியவற்றைக் கிராம நிர்வாக அலுவலரும் மீன்வளத் துறையும் ஊராட்சியும் அமைதிக் காலத்திலேயே ஒன்றாகச் சரிபார்த்து, கிராம சபையில் படித்துக் காட்டி, ஆண்டுதோறும் திருத்தி வைக்க வேண்டும். என்னைக் கேட்டால், திறன் என்பதன் பாதி இந்தப் பட்டியல்தான்.

மற்றொரு பாதி, நிலையான ஆட்கள். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரே தலைவர். ஆனால் அவருடைய தோளில் மாவட்டத்தின் மற்ற எல்லாப் பணிகளும் இருக்கின்றன. ஒடிசா, 1999 அக்டோபர் பெரும்புயலுக்குப் பிறகு அதே ஆண்டு டிசம்பரிலேயே தனி ஆணையம் அமைத்து, அதைக் கலைக்காமல் வைத்திருந்ததால், 2013 பைலின் புயலுக்குப் பின் வீடு கட்டும் திட்டத்தை நடத்த அனுபவமுள்ள அமைப்பு ஒன்று தயாராக இருந்தது. அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட போர்ட்டோ ரிக்கோவில் நிலைமை வேறு. அங்கு மறுகட்டுமானத்துக்கான அலுவலகமே 2017 மரியா சூறாவளிக்குப் பிறகுதான் உருவாக்கப்பட்டது. முதலில் செலவிட்டுப் பின்னர் கோரிப் பெறும் முறையில் மத்திய அரசின் உதவி வந்ததால், கையிருப்பில்லாத சிறு நகராட்சிகள் பணியைத் தொடங்கவே திணறின.

இராமநாதபுரத்துக்கு நான் வேண்டுவது பெரிய அலுவலகம் அன்று. கடலோர ஒன்றியம் ஒவ்வொன்றிலும், காற்றுக்குத் தாங்கும் கூரையையும் உப்புக்காற்றில் அரிக்காத கம்பிக்கட்டையும் பார்த்துச் சான்றளிக்கத் தெரிந்த பொறியாளர் ஒருவர், கணக்கர் ஒருவர், அவர்களிடம் முன்கூட்டியே ஒப்படைக்கப்பட்ட சிறு நிதி ஆகியவை போதும். அடித்தளம், சுவர், கூரை என ஒவ்வொரு நிலையையும் அவர்கள் பார்த்த உடனேயே அடுத்த தவணை வங்கிக் கணக்கில் சேருமானால், மீனவக் குடும்பம் வட்டிக்குக் கடன் வாங்காமல் மழைக்கு முன் கூரை போட்டுவிடும்.