பழைய ஃபிலிம் புரொஜெக்டர் லென்ஸ் உள்ளே மங்கலாக இருக்கிறது, பிரித்துச் சுத்தம் செய்யலாமா?

கேள்வி கேட்டவரிடம் இருப்பது 35 மி.மீ. புரொஜெக்டரின் பழைய லென்ஸ். உள்ளே புகை படிந்த மாதிரி இருக்கிறதாம், எல்லாக் கண்ணாடியையும் வெளியே எடுத்துத் துடைக்கலாமா என்கிறார். பிரிக்கலாம். ஆனால் எல்லாக் கண்ணாடியையும் எடுக்கத் தேவையிருக்காது. குழாயின் இரு முனைகளிலும் உள்ள கண்ணாடித் தொகுதிகளை மட்டும் திருகி எடுத்தாலே பெரும்பாலான அழுக்கு கைக்கு எட்டிவிடும். அதற்கு மேல் போவதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் இருக்கிறதா என்பதை டார்ச் சொல்லும்.

இருட்டான அறையில் லென்ஸின் ஒரு முனையிலிருந்து டார்ச் அடித்து, மறுமுனையில் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். சீரான மெல்லிய மூட்டம் தெரிந்தால் அது எண்ணெய்ப் படலம். புரொஜெக்டரின் எண்ணெயும் கிரீஸும் விளக்குச் சூட்டில் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்தது. ஃபிலிம் பக்கத்தில் இது அதிகம். நல்லவேளை, எளிதாகப் போய்விடும். சிலந்தி வலை போலக் கிளைவிட்டு ஓடினால் பூஞ்சை. விளிம்பிலிருந்து வானவில் நிறத்திலோ, பளபளப்பான திட்டாகவோ ஏதாவது உள்ளே பரவியிருந்தால் அது அழுக்கே இல்லை. இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்து ஒட்டிய பசை விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். எவ்வளவு துடைத்தாலும் அது போகாது. பழைய லென்ஸ்களில் இந்தப் பசை பெரும்பாலும் கனடா பால்சம், அதாவது ஒரு வகை ஃபிர் மரத்தின் பிசின். சூட்டில் இளகும், வயதானால் மஞ்சளாகும். பிரித்து மறுபடி ஒட்டுவது தனிக்கலை, முதல் லென்ஸில் பழகிப் பார்க்கிற வேலை இல்லை. திட்டு ஓரத்தோடு நின்றிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், திரையில் வித்தியாசம் தெரிவது அபூர்வம்.

புரொஜெக்டர் லென்ஸில் ஒரு வசதி உண்டு. கேமரா லென்ஸில் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் துளை இதழ்கள் இதில் கிடையாது. குழாய், கண்ணாடி, இடைவளையம், பிடிவளையம், அவ்வளவுதான். பழையவற்றில் ஏராளமானவை ஜோசப் பெட்ஸ்வால் 1840 வாக்கில் வகுத்த அமைப்பின் வாரிசுகள். திரைப் பக்கம் ஒட்டிய ஜோடி ஒன்று, ஃபிலிம் பக்கம் நடுவில் காற்றிடைவெளி விட்ட ஜோடி ஒன்று, இரண்டுக்கும் இடையே நீளமான வெற்றுக் குழாய். சிலவற்றில் இரண்டு ஜோடியுமே ஒட்டியிருக்கும். உங்களுடையது எந்த ரகம் என்பதைத் திறக்காமலேயே அறியலாம். ஒரு பல்பின் பிரதிபலிப்பைக் கண்ணாடியில் பார்த்து எண்ணுங்கள். காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பும் பளிச்சென ஒரு பிம்பம் தரும். ஒட்டிய பரப்பின் பிம்பம் மிக மங்கலாக இருக்கும். பளிச்சென இரண்டும் மங்கலாக ஒன்றும் தெரிந்தால், அந்தப் பக்கம் இருப்பது ஒட்டிய ஜோடி.

பிம்பங்களின் நிறத்தையும் கவனியுங்கள். நீலமாகவோ ஊதாவாகவோ இருந்தால் மேலே பூச்சு இருக்கிறது. எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சை ஜெர்மன் லென்ஸ் நிறுவனமான ட்ஸைஸில் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935-இல் உருவாக்கினார். பூச்சில்லாத பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆறு பரப்பு என்றால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. அப்படித் திரும்பும் ஒளி உள்ளேயே அலைந்து படத்தின் கருமையையும் வெளிறடிக்கும். தொடக்க காலப் பூச்சுகள் மென்மையானவை, அழுத்தித் தேய்த்தால் கண்ணாடியை விட்டு வந்துவிடும். பூச்சைத் தேய்த்துக் கெடுப்பதைவிட மெல்லிய மூட்டத்தோடு வைத்துக்கொள்வது மேல்.

சரி, திறப்பதற்கு வருவோம். கழற்றும் முன் எந்த முனை திரையைப் பார்க்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். குழாயின் பக்கவாட்டில் பொடி திருகு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அதை விட்டுவிட்டுத் திருகினால் மரை போய்விடும். பிடிவளையத்தில் இரண்டு காடிகள், அதாவது வெட்டுப் பள்ளங்கள், இருந்தால் அதற்கென்றே லென்ஸ் ஸ்பேனர் கிடைக்கும். கத்தரிக்கோல் முனையோ குறட்டின் மூக்கோ வேண்டாம், வழுக்கினால் நேரே கண்ணாடியில்தான் கோடு விழும். காடி இல்லாத வளையத்துக்குப் பொருத்தமான ரப்பர் அடைப்பானை அழுத்தித் திருப்பினால் போதும்.

வளையம் அசையவே இல்லையா? பெரும்பாலும் அரக்கோ வண்ணமோ வைத்து மரையை அடைத்திருப்பார்கள். பல்குச்சி முனையில் அசிட்டோன் தொட்டு மரைக்கோட்டில் மட்டும் வைத்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு முயலுங்கள். கண்ணாடியின் விளிம்பில் கறுப்பு வண்ணம் பூசியிருக்கும், அசிட்டோன் அங்கே போனால் அது கரைந்து ஓடும், பால்சமும் கரையும். முனைத் தொகுதியே இறுகியிருந்தால் பலரும் செய்வது குழாயை வைஸில் பிடித்து முறுக்குவது. மெல்லிய பித்தளை அல்லது அலுமினியக் குழாய் அந்தப் பிடியில் நீள்வட்டமாக நசுங்கும், மரை இன்னும் இறுகும். அகலமான ரப்பர் பட்டையைச் சுற்றி, பரவலாகப் பிடித்துத் திருப்புவதுதான் வழி. ஹேர் டிரையரில் வெளிக்குழாயை லேசாகச் சூடாக்கலாம். கை தாங்கும் சூடு போதும், அதற்கு மேல் போனால் பசைக்கு ஆபத்து.

கண்ணாடி வெளியே வரத்தான் வேண்டும் என்றால், தொகுதியை மெத்தென்ற துணிமேல் கவிழ்த்து, கண்ணாடி தானாகத் துணியில் இறங்க, குழாயை மேலே தூக்குங்கள். ஒவ்வொரு கண்ணாடியின் ஓரத்திலும் பென்சிலால் திரைப் பக்கம் நோக்கி ஓர் அம்புக்குறி போடுங்கள். இடைவளையத்துக்கும் போடுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒரு பக்கம் சரிவு வேறாக இருக்கும். ஒவ்வொரு படியிலும் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

துடைப்பதில் முதல் வேலை துடைக்காமல் இருப்பது. ரப்பர் ப்ளோயரால் ஊதி, மென்தூரிகையால் தட்டி, தூசியை முழுக்க எடுங்கள். கார்பன் ஆர்க் விளக்கோடு, அதாவது இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து ஒளிவிடும் பழைய விளக்கோடு, ஓடிய லென்ஸ் என்றால் இதில் இரட்டைக் கவனம் வேண்டும். குச்சி எரிந்த சாம்பலும், அதன் செம்பு முலாம் உருகித் தெறித்த துகளும் படிந்திருக்கக்கூடும். அதன்மேல் துணியை வைத்தால் உப்புத்தாள் வைத்த மாதிரிதான். அப்புறம் லென்ஸ் தாளில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஈரமாகும் அளவுக்குத் தொட்டு, நடுவிலிருந்து விளிம்புக்குச் சுழற்றிக்கொண்டே போங்கள். விளிம்பு வந்ததும் தாளை எறிந்துவிட்டு அடுத்தது எடுங்கள். திரவத்தை நேராகக் கண்ணாடியில் ஊற்றக் கூடாது, ஓரமாக வழிந்து ஒட்டுப்பசைக்கோ கறுப்பு வண்ணத்துக்கோ போய்ச் சேரும். ஒட்டாத ஒற்றைக் கண்ணாடி என்றால், அதுவும் தனியாகக் கையில் இருந்தால், ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் அலசுவது எண்ணெய்க்கு அருமையான மருந்து. ஒட்டிய ஜோடியை எதிலும் ஊறப்போடாதீர்கள்.

பூஞ்சைக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. தாளை அதில் நனைத்துச் சில நிமிடம் மேலே போட்டுவைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைக்கலாம். பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியை அரித்திருந்தால், துடைத்த பிறகும் அதே கிளைகளின் தடம் மங்கலாக நிற்கும். அதற்குத் தீர்வில்லை. பழைய தோல் உறையில் திரும்ப வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைப்பதில் தோலுக்கு நிகரில்லை. சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பா போதும்.

அனமார்ஃபிக் லென்ஸை மட்டும் திறக்காதீர்கள். ஃபிலிமில் பக்கவாட்டில் நெருக்கிப் பதிந்த படத்தைத் திரையில் அகலமாக விரிக்கும் லென்ஸ் இது, 1953-இல் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை முறையோடு பரவலான ரகம். உள்ளே உருளைப் பரப்புள்ள கண்ணாடிகள் ஒன்றுக்கொன்று ஒரே அச்சில் நிற்க வேண்டும். ஒன்று சற்றே சுழன்றாலும் படம் கோணிக்கொள்ளும், வீட்டில் அதைச் சரிப்படுத்துவது சுலபமில்லை. ஜூம் புரொஜெக்டர் லென்ஸுக்கும் இதே பேச்சுதான், வெளிப்பரப்பு இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

திரும்பப் பூட்டும்போது கண்ணாடி சாய்வாக இறங்கிச் சிக்கிக்கொண்டால் அழுத்தாதீர்கள். குழாயின் வெளிப்புறத்தை மரப்பிடியால் மெல்லத் தட்டினால் நேராகும். பிடிவளையத்தை ஆட்டம் போகும்வரை இறுக்கினால் போதும். விளக்குச் சூட்டில் கண்ணாடி விரிய இடம் வேண்டும். காற்றிடைவெளி விட்ட ஜோடியின் நடுவே வண்ண வளையங்கள் தெரிந்தால் இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றன, மெல்லிய இடைவளையத்தை எங்கோ விட்டுவிட்டீர்கள், மேசையைத் தேடுங்கள். கடைசியாக, கூர்மையான எழுத்துள்ள ஃபிலிம் துண்டு ஒன்றைப் போட்டு ஃபோகஸ் செய்து பாருங்கள். நான்கு மூலைகளில் ஒரு மூலை மட்டும் மங்கினால் கண்ணாடி ஏதோ ஒன்று சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. நடுவே கூட எழுத்து கூராக வரவில்லை என்றால் ஒன்று தலைகீழாகப் போயிருக்கிறது, அம்புக்குறிகளைச் சரிபார்த்து மறுபடி பூட்டுங்கள்.