அம்மாவின் டெபாசிட் பத்திரமாக இருக்கிறது, உங்கள் நகை?

கேள்வி: எனக்கு 48 வயது. தனியார் பள்ளியில் ஆசிரியை. கையில் வரும் சம்பளம் 34,000 ரூபாய். அம்மாவுக்கு 74 வயது, என்னோடு இருக்கிறார். மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் மாதம் 19,000 ரூபாய் வருகிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. இப்போது வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறார். பகலில் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு 18,000, மருந்துக்கும் பிசியோதெரபிக்கும் 9,000, டயப்பர் வகைக்கு 3,000, மற்ற செலவு 8,000. மொத்தம் 38,000. துண்டு விழும் 19,000 ரூபாய்க்கு என் நகைகளை ஒவ்வொன்றாக ஒரு நிதி நிறுவனத்தில் வைத்துக் கடன் வாங்கி வருகிறேன். இப்போது 4.5 லட்சம் நிற்கிறது, வட்டி 18 சதவீதம். வருடம் முடிந்தால் வட்டியைக் கட்டி மறு அடகு வைக்கிறேன். அம்மாவுக்கு இது தெரியாது. அம்மா பெயரில் வங்கியில் மூன்று டெபாசிட்டுகளில் 16 லட்சம் இருக்கிறது. அது அம்மாவின் பாதுகாப்பு, தொடவே கூடாது என்று அண்ணனும் தம்பியும் சொல்கிறார்கள். எனக்கும் அதில் கை வைக்க மனம் வரவில்லை. அதில் 5 லட்சம் அடுத்த மாதம் முதிர்கிறது. அதைப் பேரன் பெயரில் ‘கேரண்டீட் இன்கம்’ பாலிசியில் போடச் சொல்கிறார் வங்கி அதிகாரி. அம்மா பெயரில் உள்ள வீட்டில் தம்பி குடும்பம் இருக்கிறது. அதை இப்போதே தன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதச் சொல்கிறான். வேலையை விட்டுவிட்டு நானே பார்த்துக்கொண்டால் ஆள் சம்பளமாவது மிச்சமாகுமா? குழப்பமாக இருக்கிறது.

பதில்: பட்ஜெட் போடுங்கள், சேமியுங்கள் என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. டயப்பர் கணக்குவரை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் வீண் செலவு எதுவும் எனக்குத் தெரியவில்லை. 18,000 ரூபாயில் நம்பகமான ஆள் கிடைத்திருப்பதே பெரிய விஷயம். அவரைக் குறைத்து மிச்சம் பிடிக்கப் போய்விடாதீர்கள்.

தப்பு ஒன்றே ஒன்றுதான். அம்மாவின் செலவுக்கு அம்மாவின் பணத்தை எடுக்காமல் உங்கள் நகையை அடகு வைக்கிறீர்கள்.

4.5 லட்சத்துக்கு 18 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 81,000 ரூபாய். மாதம் 6,750. உங்கள் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதே 4.5 லட்சம் டெபாசிட்டில் உட்கார்ந்து 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 31,500 ரூபாய் சம்பாதிக்கிறது. ஒரே குடும்பத்தின் ஒரு கை 31,500 வாங்குகிறது, இன்னொரு கை 81,000 கொடுக்கிறது. டெபாசிட்டைத் தொடவில்லை என்ற திருப்திக்காக வருடம் ஏறக்குறைய 50,000 ரூபாய் போகிறது. கடன் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதைக் கணக்கில் எடுத்தால் இந்த இரண்டு வருடத்தில் நீங்கள் கட்டிய வட்டி 80,000 பக்கம் இருக்கும். அதையும் அம்மா பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன். சொன்னாலும் நீங்கள் எடுக்க மாட்டீர்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அது உங்களுக்குப் பிடிக்காது. அம்மா உயில் எதுவும் எழுதாவிட்டால் அவர் காலத்துக்குப் பிறகு அந்த 16 லட்சம் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். டெபாசிட்டில் தம்பியை நாமினியாகப் போட்டிருந்தாலும் அதே கதைதான். நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர், அவ்வளவுதான். ஆகவே நீங்கள் காப்பாற்றி வைத்திருக்கும் 4.5 லட்சத்தில் ஒன்றரை லட்சம் அண்ணனுக்கு, ஒன்றரை லட்சம் தம்பிக்கு. உங்கள் நகையை அடகு வைத்து அவர்களுக்குச் சொத்து சேர்த்துக் கொடுக்கிறீர்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. மாதம் பிறந்தால் 19,000-க்கு ஓட வேண்டியது அவர்கள் இல்லை, அதனால் ‘தொடாதே’ என்று சொல்வது சுலபமாக இருக்கிறது.

பாதுகாப்புக்கென்று சேர்த்த பணம் எந்த நாளுக்காக? விழுந்து, எலும்பு உடைந்து, எழுந்து நடக்க இன்னொருவர் கை தேவைப்படும் நாளுக்காகத்தான். அந்த நாள் வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது.

முதலில் அம்மாவிடம் நகைக்கடனைச் சொல்லுங்கள். அவருக்கு நினைவு தெளிவாக இருக்கிறது என்றுதான் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். மகள் தன் கழுத்து நகையை வைத்துத் தனக்கு ஆள் வைத்திருக்கிறாள், தன் பணம் வங்கியில் சும்மா கிடக்கிறது என்று பிறகு வேறு யார் வாயிலாகவாவது அவர் கேட்டால் எப்படியிருக்கும்? கஷ்டம் தெரியாமல் வைத்துக்கொள்வதை நாம் மரியாதை என்று நினைக்கிறோம். பல பெரியவர்களுக்கு அது தன்னைக் கணக்கிலேயே சேர்க்காத மாதிரி இருக்கும். தன் பணத்தில் தனக்கு ஆள் வைத்திருக்கும் அம்மா, ‘நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வா’ என்று அந்தப் பெண்ணிடம் தயங்காமல் சொல்வார். நீங்கள் கடன் வாங்கிக் கொடுக்கிறீர்கள் என்று அரைகுறையாகத் தெரிந்துகொண்ட அம்மா, பிசியோதெரபி வேண்டாம், சரியாகிவிட்டது என்பார்.

அடுத்த மாதம் முதிரும் 5 லட்சத்தில் நகைகளை மொத்தமாகத் திருப்பிவிடுங்கள். நாலு நகையில் ரெண்டை மட்டும் திருப்புவோம் என்று பாதியில் நிற்க வேண்டாம். மீதி 50,000-ஐயும் சேர்த்து அம்மாவிடம் 11.5 லட்சம் இருக்கும். அதில் 2.5 லட்சம், அதாவது ஆறு மாதச் செலவைவிடக் கொஞ்சம் அதிகம், நினைத்த நேரத்தில் எடுக்கக்கூடிய சாதாரண டெபாசிட்டில் இருக்கட்டும். மற்ற 9 லட்சத்தை, இருக்கும் டெபாசிட்டுகள் முதிர முதிர, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு மாற்றுங்கள். இதை எழுதும்போது அதன் வட்டி 8.2 சதவீதம், கணக்கு தொடங்கும் நாளில் உள்ள விகிதம் ஐந்து வருடத்துக்கும் மாறாது. 9 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 18,450 ரூபாய் கைக்கு வரும், மாதத்துக்கு 6,150. இப்போது அம்மாவின் டெபாசிட் வட்டி அசலோடு சேர்ந்து வளர்ந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். 74 வயதில் வட்டியை வளர்ப்பதில் அர்த்தமில்லை, அது வீட்டுக்கு வர வேண்டும். ஒரே கணக்காகப் போடாமல் பிரித்துப் போடுங்கள். அவசரத்துக்கு மூட நேர்ந்தால் ஒரு வருடத்துக்குள் என்றால் வட்டியே கிடைக்காது, இரண்டு வருடத்துக்குள் அசலில் ஒன்றரை சதவீதம், அதற்குப் பிறகு ஒரு சதவீதம் பிடிப்பார்கள். பிரித்துப் போட்டிருந்தால் ஒன்றை மட்டும் மூடலாம்.

இனி துண்டு விழும் 19,000-ஐ முழுக்க அம்மா பணத்திலிருந்தே எடுத்தால் எத்தனை வருடம் வரும்? வட்டியும் அசலுமாகத் தோராயமாக ஆறரை வருடம். ஆள் சம்பளம் ஏறும், மருந்து விலை ஏறும். ஓய்வூதியத்தின் அகவிலை நிவாரணமும் ஏறும் என்றாலும் அது முழுதாக ஈடுகட்டாது. ஆறு என்று வையுங்கள். அம்மாவுக்கு அப்போது 80. மத்திய அரசின் குடும்ப ஓய்வூதியத்தில் 80 வயது நிறைந்ததும் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக வரும், 85-ல் அது 30 ஆகும். நல்லதுதான், ஆனால் அதை நம்பி மட்டும் உட்கார முடியாது.

இங்கேதான் அண்ணனும் தம்பியும் வருகிறார்கள். ஆளுக்கு மாதம் 4,000 கொடுக்கட்டும். அப்போது அம்மா பணத்திலிருந்து எடுக்க வேண்டியது 11,000 மட்டும். அதே 11.5 லட்சம் ஆறு வருடத்துக்குப் பதிலாகப் பத்து வருடத்தைத் தாண்டி ஓடும். உங்கள் பங்கு 4,000 எங்கே என்று கேட்டால், ராத்திரி எழுந்து பாத்ரூமுக்குக் கூட்டிப் போவது யார் என்று திருப்பிக் கேளுங்கள். பெற்றோர் பராமரிப்புக்கான 2007-ம் வருடச் சட்டத்தில் மகன், மகள் எல்லோருக்கும் பொறுப்பு உண்டு. வருவாய்க் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் அம்மா மனு கொடுத்தால் மாதத் தொகை நிர்ணயிக்கலாம். ஆனால் 4,000 ரூபாய்க்காக அம்மாவை அந்த வாசலுக்கு அழைத்துப் போக நான் சொல்ல மாட்டேன்.

பேரன் பெயரில் பாலிசி வேண்டாம். ஏன் என்று நீட்டி விளக்கவே எனக்கு அலுப்பாக இருக்கிறது. மருந்துக்குப் பணம் தேவைப்படும் 74 வயதுக்காரரை ஏழெட்டு வருடம் பிரீமியம் கட்டச் சொல்லி, அதற்குப் பிறகு வேறொருவருக்கு வருமானம் தரும் ஒன்றை ‘கேரண்டீட்’ என்று விற்கிறார்கள். இந்த வகைத் திட்டங்களின் உண்மையான வருமானத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஐந்து, ஆறு சதவீதத்தில் நிற்கும். ‘கேரண்டி’ என்ற சொல்லைக் கேட்டால் யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று மூன்று கேள்வி கேளுங்கள். அதிகாரிக்கு அடுத்த வாடிக்கையாளர் ஞாபகம் வந்துவிடும். ஒருவேளை கையெழுத்து போட்டுவிட்டீர்கள் என்றால், பாலிசி பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கலாம்.

வேலையை விடுவது: 18,000 மிச்சம் பிடிக்க 34,000-ஐ விடுகிறீர்கள். மாதம் 16,000 நஷ்டம், அதற்கு மேல் பி.எஃப். தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் கிராஜுவிட்டி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் உறுதிசெய்துவிட்டது, அதுவும் வருடத்துக்கு வருடம் சேர்கிறது. எல்லாவற்றையும்விட, 48 வயதில் விட்ட வேலை 55-ல் திரும்பக் கிடைக்காது. பகல் முழுக்கவும் ராத்திரி முழுக்கவும் ஒரே ஆள் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் சீக்கிரமே இரண்டு நோயாளிகள் இருப்பார்கள். விடாதீர்கள்.

வீட்டு விஷயத்தில் அவசரம் தம்பிக்குத்தான், அம்மாவுக்கு இல்லை. செட்டில்மென்ட் பதிவானதும் வீடு கைமாறிவிடும். உயில் என்றால் அம்மா உயிரோடு இருக்கும்வரை வீடு அவருடையது, எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். தம்பிக்கே வீடு போக வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம் என்றால் அதை உயிலில் எழுதட்டும். அப்படியில்லை, செட்டில்மென்ட்தான் என்று முடிவானால், அம்மாவைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். கவனிக்காத பிள்ளைக்கு எழுதிய பத்திரத்தை ரத்துசெய்ய மேலே சொன்ன 2007 சட்டத்தின் 23-வது பிரிவு வழிசெய்கிறது. ஆனால் பத்திரத்தில் நிபந்தனை இல்லாததால் வழக்கில் தோற்றவர்கள் உண்டு. உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் அதில் கறாராக இருந்தது, 2025 ஜனவரியில் கொஞ்சம் தாராளமாகப் பார்த்தது. அந்த வித்தியாசத்தை நம்பி யாரும் பத்திரம் எழுதக் கூடாது.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயம். அப்பாவின் துறை மத்திய அரசுடையது என்பதால் அம்மாவுக்கு மத்திய அரசு சுகாதாரத் திட்ட அட்டைக்குத் தகுதி இருக்கிறதா என்று விசாரித்தீர்களா? பத்து வருடச் சந்தாவை ஒரே தடவையில் கட்டினால் ஆயுள் முழுக்கச் செல்லும். அம்மாவின் 9,000 ரூபாய் மருந்துச் செலவில் ஒரு பகுதி அங்கேயே குறையலாம். அந்த வசதி இல்லாத ஊரில் இருக்கிறீர்கள் என்றால் ஓய்வூதியத்தோடு மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படி வர வேண்டும், பாஸ்புக்கைப் பாருங்கள்.

அப்புறம், ஓய்வூதியம் வரும் கணக்கு அம்மா பெயரில் தனியாகவே இருக்கட்டும். செலவுக்கென்று அம்மாவும் நீங்களும் சேர்ந்து ‘எய்தர் ஆர் சர்வைவர்’ முறையில், அதாவது இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கிற மாதிரி, இன்னொரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். இதற்குப் பதிலாக, அம்மா சார்பில் செயல்படும் உரிமையைப் பவராக எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவருக்கு நினைவு தவறினால் பவரும் செல்லாமல் போய்விடும், சரியாக அது தேவைப்படும் நேரத்தில். அந்தக் கணக்கிலிருந்து பணமாக எடுக்காமல் ஆள் சம்பளம், மருந்துக்கடை எல்லாவற்றையும் கணக்கு வழியாகவே கொடுங்கள். மாதம் முதல் தேதி ஸ்டேட்மெண்டை அண்ணனுக்கும் தம்பிக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இன்றைக்கு ‘தொடாதே’ என்பவர்கள் நாளைக்கு ‘எவ்வளவு எடுத்தாய்’ என்று கேட்பார்கள்.

டெபாசிட்டைத் தொட வேண்டாம் என்று மறுபடியும் சொன்னால் சண்டை போட வேண்டாம். ‘சரி, தொடவில்லை. 19,000-ஐ மூன்றாகப் பிரித்தால் உன் பங்கு 6,333 ரூபாய். மாதம் எந்தத் தேதியில் அனுப்புவாய்?’ என்று மட்டும் கேளுங்கள். பதிலுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். அந்த 5 லட்சம் டெபாசிட்டுக்கு ஆட்டோ ரினியூவல் போட்டிருக்கிறதா என்று இந்த வாரமே வங்கியில் கேளுங்கள். இருந்தால் அம்மாவின் கையெழுத்தோடு கடிதம் கொடுத்து நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் முதிரும் அன்றைக்கே அது தானாக மறுபடி டெபாசிட்டாகிவிடும், உங்கள் நகையும் இன்னொரு வருடத்துக்கு மறு அடகு போகும்.