ஏரிக்கரை ஊர்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் வில்லியம்ஸ் பே என்ற சின்ன ஊரில் குடியேறியிருக்கிறாள். "நம்ம கொடைக்கானல் மாதிரியே இங்கேயும் ஏரி, வானாய்வகம் எல்லாம் இருக்கும்மா" என்கிறாள். வரும் கோடையில் நானும் போகிறேன். அங்கே எதைப் பார்க்க வேண்டும்? (வாசகி, நாயுடுபுரம்)

பதில்: முதலில் அந்த யெர்கீஸ் வானாய்வகத்துக்கே போங்கள் அம்மா, டிக்கெட்டை மட்டும் மகளிடம் சொல்லி முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். 1897-ல் திறந்தது. அங்குள்ள 40 அங்குல லென்ஸ் தொலைநோக்கியைவிடப் பெரிய லென்ஸ் தொலைநோக்கி இன்றுவரை வான் ஆராய்ச்சிக்குப் பயன்பட்டதில்லை. அதை நிறுவிய ஜார்ஜ் எல்லரி ஹேல், சூரியனை ஒரே ஒரு நிற ஒளியில் படமெடுக்கும் கருவியை உருவாக்கியவர். அதே வகைக் கருவிதான் 1904-ல் நம் அப்சர்வேட்டரிக்கும் வந்தது, நீங்கள் தினம் பார்க்கும் அந்த மேட்டுக்கு!

இன்னொரு உறவும் உண்டு, எனக்கு அதுதான் பெரிது. நம் சுப்ரமணியன் சந்திரசேகர் 1937-ல் யெர்கீஸில் வேலைக்குச் சேர்ந்து, மனைவி லலிதாவோடு 1964 வரை அந்த ஊரில்தான் வாழ்ந்தார். 1983-ல் நோபல் பரிசு வாங்கிய ஒரு தமிழர் தன் வாழ்நாளின் பெரும் உழைப்பையெல்லாம் செலுத்திய இடம் அந்தச் சிற்றூர் என்பதை இங்கிருந்து அமெரிக்கா போகிற நம் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அப்புறம் அங்குள்ள ஜெனீவா ஏரி (Geneva Lake). நம்முடையது 1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் ஓடைகளை மறித்துக் கட்டியது, அதுவோ பனிப்பாறைகள் அரித்துவிட்டுப் போன பள்ளத்தில் தானாக உண்டானது. கரையில் இருந்தவர்கள் பொட்டாவாட்டமி பழங்குடிகள். 1833 ஒப்பந்தத்தில் அவர்கள் நிலம் பறிபோனது, சில வருடங்களில் மேற்கே துரத்தப்பட்டார்கள். 1871-ல் சிகாகோ பெருந்தீயில் எரிந்த பிறகு அந்நகரத்துப் பணக்காரர்கள் ரயிலேறி வந்து கரையெங்கும் மாளிகை கட்டினார்கள். ஆனாலும் அந்தப் பழங்குடிகள் நடந்த தடம் அழியவில்லை. சுமார் 21 மைல், ஏரியை முழுக்கச் சுற்றி, கோடீஸ்வரர்களின் புல்வெளி வழியாகவே போகிறது, யார் வேண்டுமானாலும் நடக்கலாம். நீர்நிலையின் கரை எல்லோருக்கும் என்ற இந்த வழக்கம் நம் மலையிலும் உறுதியாக வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசைப்படுகிறேன். முழுதும் முடியாவிட்டாலும் ஒரு மணி நேரமாவது நடந்து பாருங்கள்.

கேள்வி: கோடையில் அந்த ஏரியில் படகில் தபால் கொடுப்பார்களாமே, நிஜமா? (வாசகர், பெருமாள்மலை)

பதில்: நிஜம்தான், 1916-லிருந்து நடக்கிறது. படகு நிற்காது. தபால் கொடுப்பவர் ஓடும் படகிலிருந்து படகுத்துறையில் குதித்து, பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு, படகு கடந்துபோவதற்குள் ஓடிவந்து தாவி ஏற வேண்டும். பயணிகளும் கூடவே போகலாம். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரைதான். குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும், முன்பெல்லாம் அந்தப் பனிக்கட்டியை வெட்டி ரயிலில் சிகாகோவுக்கு அனுப்பினார்கள்.