கேள்வி–பதில்: துல்லியமா, வேகமா?

கேள்வி: கேமிங் கன்சோல் வாங்கும்போது 4கே படத் துல்லியத்தைப் பார்ப்பதா, விநாடிக்கு 120 ஃபிரேம் (அதாவது விநாடிக்கு 120 படங்கள்) என்பதைப் பார்ப்பதா? இரண்டும் சேர்ந்தே கிடைப்பதாகத்தானே விளம்பரங்கள் சொல்கின்றன?

பதில்: சேர்ந்து கிடைப்பது அரிது. பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது கருவியின் உச்ச வரம்பே தவிர, எல்லா விளையாட்டுகளும் அதை எட்டும் என்ற உறுதிமொழி அன்று. 4கே படம் ஒன்றில் ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்கள் உள்ளன. முழு ஹெச்டி படத்தில் இருப்பதைப்போல் இது நான்கு மடங்கு. விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் அத்தனை பிக்சல்களையும் 16.7 மில்லிவிநாடிக்குள் வரைந்து முடிக்க வேண்டும்; 120 என்றால் 8.3 மில்லிவிநாடிதான் அவகாசம். அதனால்தான் பல விளையாட்டுகள் துல்லியத்துக்கு ‘தரம்’, வேகத்துக்கு ‘செயல்திறன்’ என இரண்டு அமைப்புகளை வைத்து, எதை விட்டுக்கொடுப்பது என்ற முடிவை நம் தலையில் கட்டிவிடுகின்றன.

என் ஓட்டு செயல்திறனுக்கே. கார் பந்தயத்தில் வளைவு நெருங்கும்போது, பிரேக் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் கார் வேகம் குறைவதற்கும் இடையிலான தாமதம் சற்றுச் சுருங்கினாலும் விரல் அதை உணர்ந்துவிடும். சாலையோரப் புல் கூடுதல் துல்லியமாகத் தெரிவதை அந்த நேரத்தில் யார் பார்க்கிறார்கள்? நிதானமாகச் சுற்றிப் பார்த்துக் கதையை ரசிக்கும் விளையாட்டுகளுக்கு மட்டும் ‘தரம்’ பொருந்தும். உங்கள் தொலைக்காட்சி 120 ஹெர்ட்ஸ் திரை, அதாவது விநாடிக்கு 120 முறை படத்தை மாற்றும் திரை கொண்டதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரை என்றால் 120 ஃபிரேம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கேள்வி: கையில் வைத்து விளையாடும் பழைய கேம் பாய் கருவியை இன்றும் சிலர் கொண்டாடுவது வெறும் இளமைக்கால ஏக்கம்தானே?

பதில்: ஏக்கம் உண்டு, ஆனால் கேம் பாய் விற்ற காலத்திலேயே போட்டியாளர்களைவிட மங்கலான திரையோடுதான் விற்றது. 1989இல் நின்டெண்டோ வெளியிட்ட அந்தக் கருவிக்கு 160க்கு 144 பிக்சல் திரை, ஒரே நிறத்தின் நான்கே சாயல்கள், பின்னொளியும் இல்லை. மறு ஆண்டே சேகா நிறுவனத்தின் கேம் கியர் பின்னொளியுடன் கூடிய வண்ணத் திரையோடு வந்தும் அதை அசைக்க முடியவில்லை. கேம் கியர் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும்; கேம் பாயோ நான்கு பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. விலை மலிந்து, நன்கு பழகிப்போன தொழில்நுட்பத்தைப் புதிய விதத்தில் பயன்படுத்த வேண்டும் என்பதே அதை உருவாக்கிய குழுவை வழிநடத்திய குன்பே யோகோயின் கொள்கை. பின்னர் வந்த வண்ணப் பதிப்பையும் சேர்த்தால் விற்பனை 11 கோடியைத் தாண்டியது. அமெரிக்காவில் அதனுடன் சேர்த்தே விற்ற, மேலிருந்து விழும் கட்டிகளை அடுக்கும் டெட்ரிஸை விளையாட, நான்கு சாயல்களே தாராளம்.